நிதி ஆலோசகர் அம்பேத்கர்: பட்டங்கள் திறக்காத கதவும் பழவேற்காட்டின் கணக்கும்

1918ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. பங்குகளிலும் பத்திரங்களிலும் பணம் போடும் வணிகர்களுக்கு ஆலோசனை சொல்வது அதன் தொழில். நடத்தியவர் முப்பது வயதை எட்டாத இளைஞர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தார். இந்தியாவின் பொது நிதி குறித்த முனைவர் பட்ட ஆய்வேட்டையும் அங்கேயே எழுதியிருந்தார். லண்டன் பொருளியல் பள்ளியில் அடுத்த ஆய்வைத் தொடங்கி, உதவித்தொகை முடிந்ததால் பாதியில் ஊர் திரும்பியிருந்தார். பணத்தைப் பற்றி இவ்வளவு முறையாகப் படித்தவர்கள் அன்றைய பம்பாயில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆயினும் ஆலோசகர் தீண்டத்தகாத சாதியில் பிறந்தவர் என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டனர். நிறுவனம் மூடப்பட்டது. அந்த இளைஞரின் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

அரசமைப்புச் சட்டத்தின் சிற்பியாகவும் சாதி ஒழிப்பின் தலைவராகவும் அவரை நாம் அறிவோம். அவர் முதலில் பயின்றது சட்டம் அன்று, நிதி. அவர் எழுதிய பெரிய ஆய்வு நூல்களில் தொடக்கக் காலத்தவை வரி, வரவுசெலவு, நாணயம் ஆகியவற்றைப் பற்றியவை. அந்த வாழ்வை இப்போது மறுபடியும் படிக்க ஒரு காரணம் இருக்கிறது. நிதி ஆலோசகராக என்ன படிக்க வேண்டும், எந்தத் தேர்வை எழுத வேண்டும் என்று நம் கல்லூரி மாணவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விதிமுறைப் புத்தகம் ஒரு பதிலைத் தருகிறது. அம்பேத்கரின் வாழ்வு இன்னொரு கேள்வியையும் அதனுடன் சேர்த்து எழுப்புகிறது: தகுதி பெற்றவர் யாருக்கு ஆலோசகர் ஆவது?

இந்தக் கேள்வியைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி ஆந்திரம் வரை பரந்து கிடக்கும் இந்த உப்பங்கழி, பரப்பில் இந்தியாவில் இரண்டாவது பெரியது. அதன் கரையிலுள்ள குப்பங்களிலும் காலனிகளிலும் வாழ்வோர் அன்றாடம் எடுக்கும் முடிவுகளில் பாதி, பணம் சார்ந்தவை. வலை வாங்க யாரிடம் முன்பணம் பெறுவது, தண்டல்காரருக்கு முதலில் கட்டுவதா சுயஉதவிக் குழுத் தவணையை முதலில் கட்டுவதா, முகத்துவாரம் மண்மூடி மீன் குறைந்த மாதங்களை எப்படிக் கடப்பது என்பவை எல்லாம் நிதி முடிவுகள்தாம். இவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் எவரும் இல்லை. அங்கே ஆலோசனை சொல்பவர் பெரும்பாலும் கடன் கொடுப்பவரே.

சுபேதாரின் மகன்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைமுகாமில் அம்பேத்கர் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயப் படையில் சுபேதார் நிலையில் இருந்தவர். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். குடும்பத்தின் பூர்வீகம் இரத்தினகிரி மாவட்டத்தின் அம்படவே கிராமம். சாத்தாராவில் தொடங்கிய பள்ளிப்படிப்பு, குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பின் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்தது. 1907இல் மெட்ரிக் தேறினார். மகர் சமூகத்திலிருந்து அந்த நிலையை எட்டியவர்கள் அன்று மிக அரிது.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தை இறந்தார். அதே ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகை அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று ஆண்டுகள். படித்து முடித்தபின் பத்து ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை.

கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களில் பொருளியல் மட்டும் 29. வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல் ஆகியவற்றையும் சேர்த்துப் படித்தார். பொது நிதியில் அன்று உலகறிந்த அறிஞரான எட்வின் செலிக்மன் அவருடைய ஆசிரியர். 1915இல் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். கம்பெனி இந்தியாவில் எவ்வாறு வரி திரட்டியது, எதற்குச் செலவிட்டது, ஆட்சி முடிந்தபோது அதன் கடன் எவ்வாறு இந்திய மக்களின் தலையில் ஏற்றப்பட்டது என்பதை வரவுசெலவுக் கணக்குகளின் வழியே அதில் காட்டினார். அடுத்து எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு, மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையில் நிதி எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை ஆராய்ந்தது. அது 1925இல் செலிக்மனின் முன்னுரையுடன் நூலாக வெளிவந்தது. பட்டம் 1927இல் முறைப்படி வழங்கப்பட்டது.

அவர் நிதியைக் கற்றது இலாபம் தேடும் வழிகளைக் கண்டறிய அன்று. ஓர் அரசு யாரிடமிருந்து எடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று கேட்பதற்கு வரவுசெலவுக் கணக்கு ஒரு கருவி என்பதை அவர் கண்டுகொண்டார். பிற்காலத்தில் அவர் நடத்திய ஒவ்வொரு போராட்டத்திலும் இந்தப் பயிற்சியின் தடத்தைக் காணலாம்.

பரோடாவில் நிதியமைச்சராக வேண்டியவர்

1916 அக்டோபரில் லண்டனுக்குச் சென்று பொருளியல் பள்ளியிலும், வழக்கறிஞர் பயிற்சிக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகை முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டு இந்தியா திரும்பினார். அது முதல் உலகப் போரின் காலம். அவருடைய பெட்டிகள் ஏற்றப்பட்ட கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது.

பரோடாவில் அவர் மன்னரின் இராணுவச் செயலாளராக அமர்த்தப்பட்டார். அனுபவம் பெற்றபின் அவரைச் சமஸ்தானத்தின் நிதியமைச்சராக்குவது மன்னரின் எண்ணம். ஆனால் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் மேசைமீது எறிந்தனர். நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம்மை வெளிப்படுத்தாமல் தங்கினார். செய்தி தெரிந்ததும் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இந்துக்களோ இஸ்லாமியரோ வீடு தர முன்வரவில்லை. சில வாரங்களில் பம்பாய்க்குத் திரும்பினார். ஒரு சமஸ்தானத்தின் கருவூலத்தை ஒப்படைக்கத் தகுந்தவர் என்று மன்னர் கருதிய மனிதருக்கு, அந்த மன்னரின் தலைநகரில் ஓர் அறைகூட வாடகைக்குக் கிடைக்கவில்லை.

பம்பாயில் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளித்தார். முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கியதும் அது மூடப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். நிதி ஆலோசனை என்பது நம்பிக்கையின்மேல் நடக்கும் தொழில். தம் சேமிப்பை ஒருவரிடம் திறந்து காட்டுபவர், முதலில் அந்த மனிதரை நம்ப வேண்டும். படிப்பு, நேர்மை, அனுபவம் ஆகியவற்றைக் கொண்டு உருவாக வேண்டிய அந்த நம்பிக்கையைப் பிறப்பைக் கொண்டு சாதிச் சமூகம் முன்கூட்டியே பங்கிட்டு வைத்திருந்தது. ஆலோசனையின் தரம் சோதிக்கப்படவே இல்லை. சொன்னவரின் சாதி மட்டுமே சோதிக்கப்பட்டது.

1918 நவம்பரில் சிடன்ஹாம் வணிகவியல், பொருளியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். தொடக்கத்தில் அலட்சியம் காட்டிய மாணவர்கள், பின்னர் அவருடைய வகுப்புக்காகப் பிற கல்லூரிகளிலிருந்தும் வரலாயினர். உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலரோ பொதுப் பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதை எதிர்த்தனர். அந்தக் காலத்தில் இந்தியாவின் சிறு நிலவுடைமை குறித்து அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. நிலம் துண்டுதுண்டாக இருப்பதுதான் வறுமைக்குக் காரணம் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தனர். முதலீடும் கருவிகளும் இல்லாமையும், வேறு தொழில் இன்றி நிலத்தையே நம்பி மிகுதியான மக்கள் இருப்பதுமே சிக்கலின் வேர் என்று அவர் வாதிட்டார்.

வராகனும் ரூபாயும்

சம்பளத்தில் சேமித்த தொகையுடன், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜின் உதவியையும், பார்சி நண்பர் நாவல் பத்தேனாவிடம் பெற்ற 5000 ரூபாய்க் கடனையும் சேர்த்துக்கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். அரைவயிற்று உணவுடன் நூலகங்களில் நாளெல்லாம் படித்தார். பம்பாயில் மனைவி இரமாபாய் வறுமையோடு குடும்பத்தை நடத்தினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் இளமையிலேயே இறந்தனர். அம்பேத்கரின் பட்டங்களைப் பட்டியலிடும்போது அவற்றுக்காக இரமாபாய் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1921இல் எம்.எஸ்சி. பட்டம். 1922இல் வழக்கறிஞர் தகுதி. அதே ஆண்டு அக்டோபரில் டி.எஸ்சி. பட்டத்துக்காக ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வேட்டை அளித்தார். அதைத் திருத்தி எழுதும்படி தேர்வாளர்கள் கேட்டனர். இந்தியா திரும்பி, திருத்தி அனுப்பினார். 1923 இறுதியில் பட்டம் கிடைத்தது. பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையுடன் நூலும் வெளிவந்தது.

அந்த நூலின் தொடக்கம் நம் கடற்கரைக்கு அந்நியமானது அன்று. தென்னிந்தியாவில் தங்க வராகனும் வடக்கே மொகலாயரின் வெள்ளி ரூபாயும் புழங்கிய காலத்திலிருந்து அது கதையைத் தொடங்குகிறது. பழவேற்காடு அந்த வராகன் புழங்கிய நிலத்தைச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர்; நாணயங்களையும் அங்கே அடித்தனர். துணியும் மசாலையும் கைமாறிய அதே துறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். நாணயம் அடிக்கப்பட்ட ஊரில் மனிதனுக்கும் விலை குறிக்கப்பட்டது. 1818இல் சென்னை மாகாணத்தில் வராகனின் இடத்தை வெள்ளி ரூபாய் பிடித்தது. 1835இல் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. 1893இல் பொதுமக்கள் வெள்ளியைக் கொண்டுவந்து நாணயமாக்கிக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. அதன்பின் ரூபாயின் மதிப்பை லண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்த அதிகாரிகள் நிர்வகித்தனர்.

இந்தத் தங்கச் செலாவணி முறையை அன்றைய புகழ்பெற்ற பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் ஆதரித்திருந்தார். ஆராய்ச்சி மாணவராக இருந்த அம்பேத்கர் அதை எதிர்த்தார். அயல்நாட்டு நாணயத்தோடு ரூபாயின் விகிதம் நிலையாக இருப்பதைவிட, உள்நாட்டில் ரூபாய்க்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு துணி கிடைக்கும் என்பது நிலையாக இருப்பதே முதன்மை என்பது அவருடைய நிலைப்பாடு. நாணயத்தை வெளியிடும் அதிகாரம் அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டால் விலைவாசி ஏறும். அதன் சுமை கூலி வாங்குபவர்மீது விழும்.

1925 டிசம்பரில் இந்திய நாணயம், நிதி குறித்த அரச ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். தலைவரின் பெயரால் ஹில்டன் யங் ஆணையம் என அழைக்கப்படுவது அதுவே. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸா, 1 ஷில்லிங் 4 பென்ஸா என்பது அப்போது நாட்டையே பிரித்த விவாதம். மதிப்பைக் குறைத்தால் நாட்டுக்கு இலாபம் என்று வணிகர்கள் சொன்னார்கள். அந்த இலாபம் எங்கிருந்து வருகிறது என்று அம்பேத்கர் கேட்டார். ரூபாயின் மதிப்பு குறைந்தால் உள்நாட்டில் விலை உயரும்; கூலி அதே வேகத்தில் உயராது. எனவே வணிகரின் இலாபம் அயல்நாட்டிலிருந்து வருவது அன்று. உழைப்பாளியின் கூலியிலிருந்து கைமாறுவது அது.

இந்த வாதத்தைப் பழவேற்காட்டு இறாலில் இன்றும் சோதித்துப் பார்க்கலாம். ஏற்றுமதியாகும் இறாலுக்கு டாலரில் விலை கிடைக்கிறது. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் ஏற்றுமதியாளருக்குக் கூடுதல் ரூபாய். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடிப்பதை அவரிடமே அவர் வைத்த விலைக்குக் கொடுக்கக் கட்டுப்பட்டவருக்கு அந்தக் கூடுதலில் பங்கு வந்து சேருவது அரிது. ஆனால் டீசலும் நைலான் நூலும் விலையேறும்போது அந்தச் சுமை முழுவதும் அவருக்கு வந்துவிடும். செலாவணி விகிதம் என்பது செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் முடிந்துவிடும் செய்தி அன்று. ஏரிக்கரைக் குடிசையின் அடுப்பு வரை வரும் செய்தி. அதை விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால், முன்பணம் வாங்கும்போதே விலையைப் பற்றிப் பேசலாம் என்ற எண்ணமாவது பிறக்கும்.

ஒரு திருத்தமும் இங்கே தேவை. ரிசர்வ் வங்கியே அம்பேத்கரின் திட்டப்படி அமைந்தது என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. அவருடைய நாணயத் திட்டத்தை ஆணையம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு மத்திய வங்கி வேண்டும் என்ற ஆணையத்தின் பரிந்துரை 1934ஆம் ஆண்டுச் சட்டமாகி, 1935 ஏப்ரல் 1 அன்று வங்கி செயல்படத் தொடங்கியது. அந்த விவாதத்தில் உழைப்பாளிகளின் பக்கம் நின்று, உயர்ந்த கல்வித் தகுதியோடு பேசிய குரல் அம்பேத்கருடையது. அவருடைய பெருமைக்கு அதுவே போதும், மிகைப்படுத்தல் தேவையில்லை.

வாடிக்கையாளர் மாறினர்

டி.எஸ்சி. பட்டத்துடன் திரும்பிய பின்னும் அவர் முதலீட்டு ஆலோசனைத் தொழிலுக்குத் திரும்பவில்லை. உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார். வருமானம் போதாததால் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். கணக்காளர்களாகும் இளைஞர்களுக்கு அவர் ஆசிரியரானார். கணக்கைப் பார்த்துத் தர அழைக்காத ஊர், கணக்கைக் கற்பிக்க அழைத்தது.

இதே ஆண்டுகளில் அவருடைய உண்மையான வாடிக்கையாளர்கள் யார் என்பது தெளிவாகிவிட்டது. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். 1927இல் மகத்தில் குளத்து நீருக்கான போராட்டத்தை நடத்தினார். அதே 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசும்போது நிலவரியை விமர்சித்தார். வருமான வரியில் குறைந்த வருமானத்துக்கு விலக்கு உண்டு. நிலவரியிலோ ஓர் ஏக்கர் வைத்திருப்பவரும் நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே விகிதத்தில் கட்ட வேண்டும். இது என்ன நியாயம் என்பது அவருடைய கேள்வி. 1937இல் கொங்கணத்துக் குத்தகையாளர்களைச் சுரண்டிய கோதி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். குளத்து நீர், நிலவரி, குத்தகை மூன்றிலும் அவர் கேட்டது ஒன்றே: பொது வளத்தின்மேல் யாருக்கு உரிமை, அதன் சுமையைச் சுமப்பவர் யார்?

இந்தக் கேள்வியும் ஏரிக்கரைக்கு உரியது. பழவேற்காட்டில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விரிப்பது என்பதை முடிவு செய்யும் பாடு முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. குறிப்பிட்ட ஊர்களைச் சேர்ந்த பட்டினவர் சமூகத்தினர் தமக்குள் சீட்டுப் போட்டுப் பாடுகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். சண்டையில்லாமல் வளத்தைப் பங்கிடும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் இதைப் பாராட்டியிருக்கின்றனர். பட்டினவர் மக்களும் கடனில் உழல்பவர்களே. கடலும் ஏரியும் தவிர வேறு வாழ்வு அறியாதவர்கள். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் இடம்பெறுவது பிறப்பால் தீர்மானிக்கப்படுகிறது. 1980களுக்குப் பின் இறாலின் விலை உயர்ந்தபோது ஏரியில் இறங்கிய தலித் மக்கள், நல்ல பாடுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இருளர்கள் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். வளத்தில் உரிமை இல்லாதவருக்கு வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை; அவர் வட்டிக்காரரிடம் போகிறார். நிதி ஆலோசனையின் முதல் பாடம் சேமிப்பு என்று பாடநூல்கள் சொல்லும். ஏரிக்கரையில் அதற்கும் முன்னால் ஒரு பாடம் இருக்கிறது: வருமானம் வரும் இடத்துக்குள் நுழையவே உரிமை வேண்டும்.

கைக்கு வராத பொறுப்பு

1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைசிராய் நிர்வாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பெற்றார். மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. பரோடா மன்னரின் தனிப்பட்ட தயவால் ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு, அரசின் கடமையாக ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைக்கும் பாதை இவ்வாறு திறந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1953இல் வணிகவியலுக்கும் பொருளியலுக்கும் எனத் தனியாக ஒரு சித்தார்த்தா கல்லூரியும் தொடங்கப்பட்டன.

அரசமைப்பு அவைக்காக 1947இல் அவர் தயாரித்த அறிக்கையில் காப்பீட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும். வயதுவந்த ஒவ்வொருவரும் தம் வருமானத்துக்கேற்ப ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டும் என்று அதில் முன்மொழிந்தார். ஏழைக் குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்தால் அந்தக் குடும்பம் முழுவதும் கடனில் விழுகிறது என்பதை அறிந்தவரின் முன்மொழிவு அது. அரசமைப்பில் அது இடம்பெறவில்லை. ஆயுள் காப்பீடு அரசுடைமையாகி 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. உருவானபோது அவர் உயிருடன் இருந்தார்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அமைச்சரவையில் அவருக்குச் சட்டத்துறை கிடைத்தது. அவர் பதவியிலிருந்த நான்கு ஆண்டுகளில் கோயம்புத்தூரின் ஆர்.கே. சண்முகம் செட்டியார், ஜான் மத்தாய், சி.டி. தேஷ்முக் ஆகியோர் நிதியமைச்சராயினர். பொருளியல் பயின்ற தமக்குத் திட்டமிடல் போன்ற பொறுப்பு எதுவும் தரப்படவில்லை, அமைச்சரவையின் முக்கியக் குழுக்களிலும் இடம் தரப்படவில்லை என்ற மனக்குறையை 1951இல் பதவி விலகியபோது வெளிப்படையாகப் பதிவு செய்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது பதவி விலகலுக்குப் பெரிய காரணம். இதுவும் அவர் கூறிய காரணங்களில் ஒன்று. 1917இல் பரோடாவின் நிதித்துறைக்கு உரியவராகக் கருதப்பட்டவரின் கைக்கு எந்தக் கருவூலமும் கடைசிவரை வரவில்லை. 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் அவர் மறைந்தார்.

இன்றைய தகுதியும் இன்றைய கேள்வியும்

இன்று நிதி ஆலோசகராவதற்குச் சட்டம் ஒரு தெளிவான பாதையை வகுத்திருக்கிறது. செபி எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வாரியம் 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை சொல்பவர் அதன்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த விதிமுறைகள் வந்தபோது நிதி, கணக்கியல், வணிகவியல், பொருளியல், வங்கியியல், காப்பீடு போன்ற துறைகளில் படிப்பு கேட்கப்பட்டது. தேசியப் பங்குப் பத்திரச் சந்தைகள் நிறுவனமான நிஸ்ம் நடத்தும் 10-ஏ, 10-பி ஆகிய இரண்டு சான்றிதழ்த் தேர்வுகளிலும் தேற வேண்டும். முன்பு பணி அனுபவமும் கேட்கப்பட்டது. 2024 டிசம்பரில் வந்த திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது முக்கியமான மாற்றம். அனுபவம் பெறுவதற்கே அறிமுகம் தேவைப்படும் துறை இது. அந்த அறிமுகம் நம் பிள்ளைகளிடம் இருப்பதில்லை. விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும்போது செபியின் அப்போதைய விதியைப் படித்துக்கொள்வது நல்லது.

இதைவிட எளிதான படிகளும் உண்டு. பரஸ்பர நிதி விநியோகஸ்தராக நிஸ்ம் 5-ஏ தேர்வும் ஆம்ஃபி பதிவும் தேவை. காப்பீட்டு முகவராகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் ஐ.சி.-38 தேர்வும் போதும். ஆனால் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மறக்கக் கூடாது. விநியோகஸ்தருக்கும் முகவருக்கும் வருமானம், பொருளை விற்கும் நிறுவனம் தரும் கமிஷனிலிருந்து வருகிறது. பதிவு பெற்ற ஆலோசகர் ஆலோசனைக்கான கட்டணத்தை வாடிக்கையாளரிடம் பெறுகிறார். அவர் யாருக்கு ஆலோசனை சொல்கிறாரோ அவரிடமே பொருளை விற்றுக் கமிஷன் வாங்க விதி இடம் தரவில்லை. யாரிடம் சம்பளம் வாங்குகிறோம் என்பது யார் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

அப்படியானால் கட்டணம் கொடுக்க இயலாத ஏரிக்கரை மக்களுக்கு யார் ஆலோசகர்? பெரிய நகரத்தின் ஆலோசகர் அங்கே வரமாட்டார். வந்தாலும் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவார். அவர்களுக்குத் தேவையான அறிவு வேறு. தண்டல் வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றிக் காட்ட வேண்டும். நுண்கடன் ஒப்பந்தத்தின் வரிகளைப் படித்துச் சொல்ல வேண்டும். 1974 முதல் இயங்கும் தாட்கோவின் கடனுக்கும் மானியத்துக்கும் விண்ணப்பம் எழுத வேண்டும். மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீடு, இறப்புக்கு 5 லட்சம் ரூபாய் அளிக்கிறது. மீனவர் என்ற அடையாளமே சாதியோடு பிணைந்திருக்கும் கரையில், ஏரியில் உழைக்கும் தலித்துகளும் இருளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படும் நிதி ஊருக்கு வந்ததா, எதற்குச் செலவானது என்று கணக்குக் கேட்கவும் வேண்டும். தனிக் குடும்பத்தின் வரவுசெலவும் அரசின் வரவுசெலவும் ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகள் என்பதை அம்பேத்கரின் படிப்பு காட்டுகிறது.

பொன்னேரியிலும் சென்னையிலும் வணிகவியலும் பொருளியலும் படிக்கும் நம் மாணவர்கள் இந்தத் தேர்வுகளை எழுதட்டும், பதிவு பெறட்டும், நல்ல சம்பளத்துக்குப் போகட்டும். அதில் தயக்கம் எதற்கும் இடமில்லை. வறுமை நம் கடமை அன்று. அதோடு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஏரிக்கரைக் காலனி ஒன்றுக்கு ஒதுக்கலாம். மாணவர் அமைப்புகள் மாலை வகுப்புகளைப் போலவே கடன் கணக்கு முகாம்களையும் நடத்தலாம். கடன் சீட்டுகளையும் வங்கிப் புத்தகங்களையும் எடுத்துவரச் சொல்லி, வட்டியைக் கணக்கிட்டு, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். இதற்கு டி.எஸ்சி. பட்டம் தேவையில்லை, பிளஸ் டூ கணக்குப் பதிவியலும் பொறுமையும் போதும்.

1918இல் பம்பாய் வணிகர்கள் தங்கள் சேமிப்பை அம்பேத்கரிடம் திறந்து காட்ட மறுத்தார்கள். அதனால் இழப்பு அவர்களுக்கும்தான். அவர் அந்தக் கல்வியை எடுத்துக்கொண்டு குளத்துக்கும், குத்தகை நிலத்துக்கும், சட்டமன்றத்துக்கும், அரசமைப்பு அவைக்கும் சென்றார். இன்று தேர்வெழுதித் தகுதி பெறும் மாணவர் பழவேற்காட்டுக் காலனியில் போய் உட்கார்ந்தால், கடன் சீட்டுகளைத் திறந்து காட்ட அங்கே மக்கள் இருக்கிறார்கள்.